ஒரு நாள் துறைத் தலைவர்

செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம், நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் ஆறு வருஷம் சிவில் பாடம் நடத்தினேன். எங்கள் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர் ஒருவர்கூட இல்லை. காகிதத்தில் மட்டும் மூன்று பேர் இருந்தார்கள். பல்கலைக்கழகம் வருஷம் ஒருமுறை ஆள் அனுப்பிப் பார்த்துத்தான் இணைப்பைப் புதுப்பிக்கும். இணைப்பு இருந்தால்தான் எங்கள் பிள்ளைகளுக்குப் பட்டம். ஆகவே அந்த ஒரு நாள் மட்டும் காகிதத்து ஆட்கள் நேரில் வருவார்கள்.

அந்த வருஷம் ஆய்வு நாளன்று, துறைத் தலைவர் வேலையைப் பார்த்துவந்த என்னை எழுப்பிவிட்டு, என் நாற்காலியில் ஒருவரை உட்கார வைத்தார் முதல்வர். கோட்டு, புது ஷூ. கூடுவாஞ்சேரியில் மனை விற்பவராம். முனைவர் பட்டம் மட்டும் அசல்.

"சார் எந்தக் காலேஜு?" என்றேன்.

"இன்னிக்கு இது. நாளைக்கு வேற ஒண்ணு கீது மேடம். லேபு எந்தாண்ட? கேட்டாங்கன்னா காட்டணும்ல?"

காட்டினேன். காட்டியதற்காக இன்னமும் என்மேல் எனக்கு எரிச்சல்.

ஆய்வுக்கு வந்த இருவரும் வேறு கல்லூரிப் பேராசிரியர்கள். மூத்தவர் மனை விற்பவரிடம், "பசங்க இந்த வருஷம் என்ன ப்ராஜெக்ட் பண்றாங்க?" என்று கேட்டார். அவர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் என் பக்கம் கையைக் காட்டினார். "மேடம் சொல்லுவாங்க."

மாமல்லபுரத்து உப்புக் காற்றில் கட்டடக் கம்பிகள் துருப்பிடிப்பதை மாணவர்கள் அளந்துவந்த கதையைச் சொன்னேன். கேட்டு முடித்த மூத்தவர் மனை விற்பவருக்குக் கைகொடுத்தார். "நல்லா கைடு பண்ணியிருக்கீங்க சார்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. படிக்கட்டில் மூத்தவரை நிறுத்தினேன். "சார், அவர் இங்க வேலை பாக்கல. இன்னைக்குக் காலைலதான் நானே அவரப் பாக்கறேன்."

மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும்மா. போன மாசம் எங்க காலேஜ் இன்ஸ்பெக்‌ஷனுக்கும் இவருதான் துறைத் தலைவரா வந்தாரு."

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். வஞ்சிரமும் இறாலும் வந்திருந்தன. ஆளுக்கொரு சால்வை வேறு.

இணைப்பு கிடைத்தது. கூடுதல் இடங்களும் கொடுத்தார்கள். நான் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். சேர்ந்த நாளில் வாங்கிப் பூட்டிய என் அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தர நான்கு மாதம் அலையவிட்டார்கள். பாடம் நடத்த ஆளில்லாத கல்லூரியில், நடத்த வந்தவளைப் பிடித்துவைக்க ஒரு இரும்பு பீரோ இருந்தது.

இப்போது நெம்மேலிப் பக்கம், அடுக்குமாடி கட்டும் இடத்தில் கான்கிரீட் சோதிக்கிறேன். முதல் நாள் சான்றிதழ்களை நீட்டினேன். வெயிலில் நின்றிருந்த பொறுப்பாளர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"அத்த அப்பால பாத்துக்கலாம் மேடம். போன வாரம் ஊத்துன தூணு தேறுமா, அத்த சொல்லுங்க."

சோதித்துப் பார்த்து, தேறாது என்றேன். அன்று சாயங்காலமே இடித்தார்கள்.