போதைக்குத் தள்ளுபடி இல்லை

பழைய பைக் விற்கிறவர்கள் எல்லாரும் கிலோமீட்டரைத் திருப்பி வைக்கிறவர்கள் என்று எங்கள் தொழிலுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. இருக்கட்டும். நாங்கள் மீட்டரைத்தான் திருப்புவோம். நீ, நடந்த சம்பவத்தையே திருப்பி வைக்கப் பார்க்கிறாய். உன் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. படித்தால் உனக்கே தெரியும்.

மற்றவர்கள், அதாவது பழைய வண்டி வாங்கி நொந்தவர்களும் விற்று நொந்தவர்களும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கதையும் நடுவில் வரும்.

ஓனர் எங்கே?

செங்கல்பட்டில் என் கடைக்குள் நுழைகிறவர் முதலில் கேட்பது வண்டியை அல்ல, ஓனரை. பொம்பளை உட்கார்ந்திருந்தால் அவள் கணக்குப்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். புரோக்கர்களிடம் ஏமாந்து ஏமாந்து தொழில் கற்றவள் நான். பேரத்தில் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம்கூட மறந்துவிடும்.

ஒருமுறை ஒரு வாத்தியார், காலையில் ஆரம்பித்த பேரத்தை மத்தியானம் வரை இழுத்தார். நான் கத்தினேன், அவர் கத்தினார், டீ வந்தது, மறுபடி கத்தினோம். கடைசியில் என் மெக்கானிக் ஸ்டீபனைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, ஓனர் இருக்கும்போது வரேன். அவராவது கொஞ்சம் இளகின மனுஷனா இருப்பாரு” என்றார். ஸ்டீபன் அச்சரப்பாக்கத்துக்காரன், தினமும் பஸ்ஸில் வருகிறவன், சிரிக்காமல் ஜோக் அடிக்கிறவன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னான்: “சார், அவங்கதான் ஓனரு. இன்னிக்குதான் கொஞ்சம் இளகிகினு கீறாங்கோ.”

நாய் குறுக்கே வந்தது

எங்கள் தொழிலில் இரண்டு வழக்கங்கள். விற்பனைக்கு நிற்கிற வண்டியில் பெட்ரோல் வைக்கமாட்டோம். ட்ரையல் கேட்டால் பாட்டிலில் இருந்து இரண்டு தெரு போய்வருகிற அளவுக்கு ஊற்றுவோம். இரண்டாவது, ட்ரையலில் வண்டிக்கு என்ன ஆனாலும் ஓட்டிப் போனவர்தான் பொறுப்பு. ஸ்டீபன் இதைச் சிவப்பு பெயிண்டில் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறான்.

பொத்தேரியில் படிக்கிற பையன் ஒருவன், கூட்டாளியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ட்ரையல் போனான். திரும்பும்போது மட்கார்டு ஒரு பக்கம், ஹெட்லைட் ஒரு பக்கம். “அக்கா, நாய் குறுக்க வந்துச்சுக்கா. நான் இன்னாக்கா பண்ணுவேன்?” நான் சுவரைக் காட்டினேன். அவன் நாயின் நிறம், சைஸ், அது வந்த சந்து எல்லாவற்றையும் சொன்னான். நான் மறுபடி சுவரைக் காட்டினேன். பின்னால் உட்கார்ந்து வந்த கூட்டாளிக்கே பொறுக்கவில்லை: “டேய் மச்சான், நாய் வந்ததும் நெசம், நீ வீடியோ எடுத்துகினு ஓட்னதும் நெசம்டா.”

மப்பில் வாங்கிய வண்டி

ஒரு பெயிண்டர் ஒருநாள் பைக் வாங்கினார். பேப்பரில் கையெழுத்துப் போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, ஜம்மென்று போனார். மறுநாள் காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். நேற்று மப்பில் இருந்தாராம், ஒன்றும் ஞாபகம் இல்லையாம், வண்டி வேண்டாமாம். எனக்குக் கோபம் வந்தால் குரல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். கூட்டம் சேர்ந்துவிட்டது.

எங்கள் ஏரியாவில் பஞ்சாயத்து பேசும் பெரிய மனிதர் ஒருவர் இருக்கிறார். எல்லாரும் அவரைத் தலைவர் என்போம். அவர் வந்து நடுவில் நின்று விசாரித்துவிட்டு பெயிண்டரைப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறந்துவிடாதீர்கள்: “மப்புல போட்டாலும் கையெழுத்து உன்னுதுதானேப்பா? சரக்கு தானா வந்து வாயில ஊத்திக்கிச்சா?”

நீ வந்த மத்தியானம்

கண் சிவந்து வந்தாய். ட்ரையலுக்குச் சாவி கேட்டாய். ஸ்டீபன் உன்னை ஒரு பார்வை பார்த்தான். “தெளிஞ்சுட்டு வாப்பா, வண்டி எங்கயும் போவாது” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

நீ இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தாய். சாவியை மூடியிருந்த அவன் இடது கையில் வெட்டினாய். அவன் விடவில்லை, மறுபடி வெட்டினாய். பிறகு மேலே கேமராவைப் பார்த்துத் தொப்பியை இறக்கிவிட்டாய். கீழே விழுந்த சாவியைத் துடைத்து எடுத்தாய். வரிசையில் இருந்ததிலேயே நல்ல வண்டிக்கான சாவி அது. ஒன்றுமே தெரியாத போதையில் எவ்வளவு விவரம் பாருங்கள்!

நான் கையில் கிடைத்த ஹெல்மெட்டை உன் மேல் எறிந்தேன், படவில்லை, நீ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாய். ஆட்டோவில் ஸ்டீபனை ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். என் முந்தானை முழுக்க ரத்தம். நான் அழுதுகொண்டே உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவன் என்னைச் சமாதானப்படுத்தினான்: “டேங்க்ல ஒண்ணும் இல்லக்கா. ரொம்ப தூரம் போவமாட்டான்.”

போகவில்லை. திருக்கழுக்குன்றம் ரோட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது போலீஸ் உன்னைப் பிடித்தது.

எங்கள் கடையிலேயே பேரம்

ஸ்டீபனுக்குக் காயம் ஆறிவிட்டது, நரம்பு சேரவில்லை. இடது கை விரல் மடங்காது. கிளட்சைப் பிடிக்க முடியாத பைக் மெக்கானிக் என்ன செய்வான்? கடைக்கு வருகிறான், புதுப் பையன்களுக்கு வேலை சொல்கிறான், அவர்கள் போன பிறகு தனியாக ஒரு கிளட்ச் லீவரை எடுத்து அழுத்திப் பார்க்கிறான்.

நீ ஜாமீனில் வந்தாய். கடைக்கு வந்தது நீ இல்லை. உன் மாமா, உன் அம்மா, கூடவே நம்ம தலைவர். கோர்ட்டில் நானும் ஸ்டீபனும் ‘ஆளை அடையாளம் தெரியவில்லை’ என்று சொன்னால் போதுமாம். உன் மாமா, “போதைக்குப் போட்ட அந்த மாத்திரதான்மா வெட்டிச்சி, அவன் இல்ல” என்றார். “மாத்திரைக்குக் கை கீதா?” என்று கேட்டேன். உன் அம்மா அழுதாள். தெளிந்தால் நீ நல்ல பிள்ளை என்றாள். அந்த அழுகை நிஜம். நான் அவளுக்கு ஒரு டீ சொன்னேன்.

ஆனால் தலைவர் விடவில்லை. “பையன் மப்புல பண்ணிட்டான், பெருசு பண்ணாதம்மா. பேரம் தெரிஞ்சவ நீ, ஒத்துப் போ” என்றார். பெயிண்டரை ஞாபகப்படுத்தினேன். “அது வண்டிம்மா. இது ஒரு பையனோட வாழ்க்கை” என்றார். மூலையில் வலது கையால் டீ குடித்துக்கொண்டிருந்த ஸ்டீபன் டம்ளரைக் கீழே வைத்தான்: “அப்போ எனுது இன்னா தலைவரே?”

சைடு வீல்

போன வாரம் திருவிடந்தையிலிருந்து மீன்பிடிக்கிற அண்ணன் தம்பி இருவர் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அண்ணனுக்கு ஒரு கால் சரியில்லை. அவருக்கு சைடு வீல் வைத்த ஸ்கூட்டர் வேண்டும். பேரம் முழுக்கத் தம்பிதான் பேசினார், நன்றாகவே பேசினார். கால் எப்படிப் போனது என்று நான் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். “நான்தான் அடிச்சேன்” என்றார் தம்பி. கஞ்சாவில் இருந்தாராம், துடுப்பால் அடித்தாராம். ஜட்ஜிடமும் அப்படியே சொல்லி ஜெயிலுக்குப் போனார். வெளியே வந்து போதையை விடுகிற வைத்தியத்துக்குப் போனார், இன்னும் போகிறார். அண்ணன் வெகுநாள் பேசவில்லை. இப்போதும், சைடு வீல் மாட்டக் கைகொடுத்த தம்பியிடம், “வாய மூடிகினு அந்த நட்ட டைட் பண்ணு” என்கிற அளவுக்குத்தான் பேசுகிறார்.

ஸ்டீபன் பையன்களுக்கு வேலை சொல்வதை நிறுத்திவிட்டுத் தம்பியையே பார்த்தான். “கஞ்சா மேல பழி போட்டிருக்கலாமே அண்ணாத்த?” என்று கேட்டான். தம்பி நட்டை முறுக்கிக்கொண்டே சொன்னார்: “வாங்கிக் குடுத்தவன் மேல எனுக்கும் கோவம்தான். ஆனா துடுப்பு என் கையிலதான இருந்துச்சி.”

அவர்கள் போன பிறகு ஸ்டீபன், சாட்சி சொல்ல வருவதாக அரசு வக்கீலுக்கு போன் செய்தான். நானும் வருகிறேன். அடையாளம் காட்டுவோம். வைத்தியத்துக்குப் போ, நான் குறுக்கே நிற்கவில்லை. தெளிந்து நிற்கிற உன்னைத்தான் ஸ்டீபன் பார்க்க வேண்டும், நீ அவன் கையைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு ஜட்ஜிடம் வாயைத் திறக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் பேரம் பேசித்தான் நான் பிழைக்கிறேன், இதற்கு மட்டும் ஒரே விலை: மாமாவை அனுப்பாதே, அம்மாவை அனுப்பாதே, மாத்திரையை அனுப்பாதே, நீ வா.