பட்டியலைச் சத்தமாக வாசியுங்கள்

எங்கள் கிணற்றில் டீசல் இஞ்சின் வைத்த மறு வருடம் அரபு நாட்டுப் பக்கம் சண்டை மூண்டது. எழுபத்து மூன்றாம் வருடம். எனக்கு இருபத்தாறு வயது. கணவர் பாம்பு கடித்து இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் தோட்டம். வீட்டில் மாமியார், நான்கு வயது மகள், நான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடச் சொல்லாத உறவுக்காரர் இல்லை. நான் விடவில்லை. கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைத்த காளைகளை விற்று இஞ்சின் வாங்கினேன். அதை ஓட்டவும் கற்றுக்கொண்டேன். கைப்பிடியைச் சுழற்றினால், இஞ்சின் பிடித்துக்கொள்ளும்போது தோள் வரைக்கும் அதிரும். அந்த அதிர்வு எனக்குப் பிடித்திருந்தது.

டீக்கடை ரேடியோவில் சண்டைச் செய்தி வந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாலைவனத்தில் யாரோ யாரையோ சுடுகிறார்கள், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் சண்டை நின்றுவிட்டது என்றும் சொன்னார்கள். நின்ற பிறகுதான் எங்களுக்கு ஆரம்பித்தது. முதலில் ரேஷன் மண்ணெண்ணெய் குறைந்தது. பிறகு உர மூட்டை கண்ணில் படவில்லை. மார்கழியில், சீட்டு இருந்தால்தான் டீசல் என்றார்கள். மலைமேல் சாந்தன்பாறையில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் தங்கை கடிதம் எழுதியிருந்தாள். அரபுக்காரர்கள் வாங்கவில்லையாம், ஏலக்காய் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதாம், வாரத்தில் மூன்று நாள்தான் வேலையாம். அந்தச் சண்டை போடுகிறவர்களுக்கு நாங்கள் இருவரும் உயிரோடு இருப்பதே தெரியாது. ஆனால் அக்கா கிணற்றிலும் தங்கை கூலியிலும் ஒரே மாதத்தில் கை வைத்துவிட்டார்கள்.

சீட்டு எழுதுவது வில்லேஜ் ஆபீசில். யாருக்கு எழுதுவது என்று சொல்வது எங்கள் வார்டு மெம்பர். அதுவரை அவர் கெட்ட பெயர் எடுத்தவர் இல்லை. கல்யாணம், இழவு எதுவானாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். சீட்டு கைக்கு வந்த பிறகு ஆள் மாறிப்போனார். அவர் கட்சிக்காரர் வயல்களில் இஞ்சின் சத்தம் கேட்டது, மற்றவர் வயல்களில் கேட்கவில்லை. தண்ணீருக்காகக் கட்சி மாறியவர்கள் உண்டு. மாறிய அண்ணனோடு தம்பி பேச்சை நிறுத்தினான். அந்தத் தைப்பூசத்துக்கு ஒரே கோயிலின் முன்னால் இரண்டு பந்தல் போட்டார்கள். பேரல் இறக்குகிற இடத்தில் தகராறு வந்து ஒருவருக்கு மண்டை உடைந்தது. இவர்கள் எல்லோரும் போன வருடம் வரை ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்.

நான் மெம்பரைப் பார்க்கப் போனேன். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"பட்டா உன்ற ஊட்டுக்காரன் பேர்ல இருக்குது அம்மிணி. ஆள் இல்லாத பேருக்கு எப்பிடிச் சீட்டு எழுதறது? பேரை மாத்தீட்டு வா."

"அதுக்கு ஆறு மாசமாகுமுங்க மாமா. கடலை பூ விட்டு நிக்குதுங்க. விழுது மண்ணுல எறங்கிக் காய் புடிக்கற நேரம். பத்து நாளு தண்ணி பாயலீன்னாப் போச்சுங்க."

"நானென்ன பண்ணட்டும்? அங்க சண்டை. கப்பல் வரதில்லை."

"சண்டை அங்கதானுங்க. சீட்டு உங்க சட்டைப் பையிலதானுங்க இருக்குது?"

யாரும் சிரிக்கவில்லை. மெம்பர் முகம் சிவந்தது. "பொம்பளைக்கு இத்தனை வாய் ஆகாது" என்றார். நான் வணக்கம் சொல்லாமல் திரும்பி வந்தேன்.

செய்தி பரவி, மறுநாளே எதிர்க்கட்சிக்காரர்கள் இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். மறியல் செய்யலாம், ஆள் தருகிறோம், எங்கள் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நில்லுங்கள் என்றார்கள்.

"கொடி வேண்டாமுங்க" என்றேன். "இன்னைக்கு உங்க கொடியப் புடிச்சா, நாளைக்கு அந்தச் சீட்டு உங்க பைக்கு வருமுங்க. எனக்கு யாரு பையிலயும் வேண்டாம்."

அவர்களுக்கும் கோபம். இரண்டு பக்கமும் பகையாகிவிட்டது. ஒரு வகையில் அது நிம்மதியாக இருந்தது.

அடுத்த மூன்று நாள் வீடு வீடாகப் போனேன். ஆண்களிடம் பேசவில்லை. அவர்களிடம் பேசினால் கட்சி வந்துவிடும். பெண்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். வண்டி வருகிற அன்று சீட்டுப் பட்டியலை ஊர் முன்னால் வாசிக்கச் சொல்லுவோம், வாசிக்கிற வரைக்கும் வண்டியை விடவேண்டாம், வருவீர்களா? என் மாமியாரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் வந்தோம்.

டீசல் பேரல் ஏற்றிய லாரி காலை ஒன்பது மணிக்கு வந்தது. நாங்கள் சாலையில் உட்கார்ந்தோம். என் மாமியார் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிச் சம்மணம் போட்டுக்கொண்டார். வில்லேஜ் ஆபீசர் மலையாளி, வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர். ஓடி வந்தார்.

"எந்தா இது? வண்டிக்கு வழி விடுங்கோ!"

"லிஸ்டை வாசிங்க சார். வாசிச்சாக்க எந்திரிச்சுக்கறோம்" என்றேன்.

பின்னாலேயே வந்த மெம்பர், "அது சர்க்கார் காகிதம். கண்டவங்களுக்கெல்லாம் வாசிக்க முடியாது" என்றார்.

"சர்க்காரு எங்களுக்கும் சேத்தித்தான சாமி?" என்றார் மாமியார், இடத்தை விட்டு அசையாமல்.

வெயில் ஏறியது. கூட்டம் சேர்ந்தது. லாரி டிரைவர் இறங்கிப் புளியமரத்தடியில் படுத்துவிட்டார். கடைசியில் ஆபீசர் பையிலிருந்து பட்டியலை எடுத்தார். அந்த மனிதருக்கும் அது சுமையாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. திக்கித் திக்கித் தமிழ்ப் பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. அதற்கிடையில் என் கணவரின் பெயரை வாசித்தார்.

சரியாகத்தான் கேட்டேனா என்று தெரியவில்லை. அவர் தகப்பனார் பெயர், தோட்டத்தின் பெயர், எல்லாம் வந்தது. பட்டியல்படி அவர் இரண்டு தடவை சீட்டு வாங்கியிருக்கிறார், இரண்டு தடவையும் கையெழுத்து உண்டு. அவர் பெயரை வேறொருவர் வாயால் கேட்டு வெகு நாளாகியிருந்தது. ஒரு நொடி, சொன்னால் வெட்கம், மனசு துள்ளியது. பிறகுதான் உடம்பு எரிந்தது.

நான் எழுவதற்குள் மாமியார் எழுந்துவிட்டார். மெம்பருக்கு நேராகப் போய் நின்றார்.

"எம் பையன் வந்து கையெழுத்துப் போட்டானா சாமி? எங்கிட்டச் சொல்லாம வந்துட்டுப் போயிட்டானா?"

அந்தக் கூட்டத்தில் அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் இல்லை. மெம்பர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அவரோடு ஒருவரும் போகவில்லை. ஆபீசர் பட்டியலின் பிரதி ஒன்றை அன்று மாலையே ஆபீஸ் சுவரில் ஒட்டினார். வந்த டீசலை நிலத்தின் அளவைப் பார்த்து அவரவருக்குப் பங்கிட்டார். எல்லோருக்கும் போதவில்லைதான். எங்கள் கடலையில் பாதி பிழைத்தது, பாதி காய்ந்தது. ஆனால் ஊரில் எல்லோருக்கும் பாதி காய்ந்தது.

இரண்டு வாரம் கழித்து, சாலையை மறித்ததாக எங்கள் பன்னிரண்டு பேர் மீதும் வழக்கு வந்தது. பத்துப் பேர் வீட்டு ஆண்களின் பேச்சைக் கேட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நானும் மாமியாரும் கோர்ட்டுக்குப் போனோம்.

"ஒரு மாப்பு சொன்னாப் போதும், வீட்டுக்குப் போகலாம்" என்று குமாஸ்தா தணிந்த குரலில் சொன்னார்.

"உக்காந்தது நெசமுங்க. தப்புன்னு மட்டும் சொல்ல மாட்டனுங்க" என்றேன்.

மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். கோர்ட் கலைகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் தண்டனை என்றார். மாமியாருக்கு மலையாளம் புரியாது. நான் சொன்னதும், "உக்காரத்தான? அதுல நமக்குப் பழக்கமுங்க" என்றார் சத்தமாக. மாஜிஸ்திரேட் காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டார்.

கள்ளக் கையெழுத்து யாருடையது என்று கடைசிவரை யாரும் எழுத்தில் சொல்லவில்லை. மெம்பர் பதவியில் நீடித்தார், ஆனால் எந்தக் கல்யாணத்திலும் அவரை முதல் வரிசைக்கு அழைக்கவில்லை. அடுத்த பஞ்சாயத்துத் தேர்தல் வர எழுபத்தொன்பது ஆனது. நின்றார், தோற்றார்.

அதே வருடம் ஈரானில் கலவரம் என்று ரேடியோ சொன்னது. மண்ணெண்ணெய் மறுபடி சுருங்கும் என்று பேசிக்கொண்டார்கள். இந்தத் தடவை நாங்கள் காத்திருக்கவில்லை. மறுநாளே முப்பது பெண்கள் வில்லேஜ் ஆபீசுக்குப் போனோம். ஆபீசர் புதியவர். பட்டியல் இன்னும் எழுதவே ஆரம்பிக்கவில்லையே, அதற்குள் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்.

"எழுதறப்பவே கூட இருக்கலாமுன்னுதானுங்க" என்றேன். முப்பது பேரும் உள்ளே போய் உட்கார்ந்தோம்.