அமெரிக்கக் கேள்வி

கோலியர்ஸ் வுட் பள்ளிக்கூடக் குசினியில் பதினெட்டு வருடமாகச் சமைக்கும் திரேசம்மா, பிரிட்டிஷ் குடியுரிமைப் பரீட்சையில் ஒரு தரம் தோற்றவள். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து அமெரிக்கக் குடியேற்றக்காரர் ஏன் கிளம்பினார்கள் என்று கேட்டிருந்தார்கள். அவள் யோசிக்கவேயில்லை, ‘மதத்துக்காக’ என்ற விடையைக் கணினித் திரையில் அமத்திவிட்டாள். வேதத்தை விடமாட்டோம் என்று அரசன் கையால் செத்த வேதசாட்சிகளின் கதை கேட்டு மன்னார்க் கத்தோலிக்கக் கோயிற்பற்றில் வளர்ந்தவளுக்கு, அரசனை எதிர்த்து உயிரைக் கொடுக்க வேறு காரணம் தெரியாது.

கணவர் யாக்கோப்பு புத்தகத்தை விரித்துக் காட்டினார்.

“வரியப்பா. பாராளுமன்றத்தில தங்களுக்கு ஒரு ஆள் இல்லாமல் தேயிலைக்கும் அதுக்கும் இதுக்கும் வரி கேட்டதுக்குத்தான்.”

“தேயிலைக்கு வரி போட்டதுக்கே சண்டை? விசர்க்கதை கதையாதேங்கோ.”

ஒரு கிழமை அவள் அமெரிக்கர்களோடு கோபமாக இருந்தாள்.

இரண்டாம் தரமும் அதே கேள்வி வந்தது. மாதாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ‘வரி’யை அமத்தினாள்.

மறுநாள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது போனில் முடிவு வந்தது. பாஸ். பக்கத்திலிருந்த அரிசி மூட்டையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தபடியே யாக்கோப்புக்குப் போன் எடுத்தாள்.

“பாஸாம்.”

“கர்த்தரே. அந்தக் கேள்வி வந்ததோ?”

“ஓம், வந்தது. இவங்களை அமெரிக்கன் ஏன் துரத்தினவன் எண்டு சரியாச் சொன்னதுக்குத்தான், இவங்கள் என்னை உள்ளுக்கு விட்டிருக்கிறாங்கள்.”