தண்ணீர் வண்டியை நிறுத்திய ஜுலைகா அக்கா

சின்னமனூரில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. ஜுலைகா அக்காவின் தம்பி பேசினார். "அக்கா மௌத்தாயிட்டாக. சாயங்காலம் அடக்கம், வந்துருங்க" என்றார். வந்த பேருந்தில் ஏறி உத்தமபாளையத்துக்குச் சீட்டு வாங்கினேன். அழுகை வரவில்லை. இனிமேல் அவரை யாரும் வேலைக்குக் கூப்பிட முடியாது என்று மட்டும் தோன்றியது.

அக்காவோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கணவர் இறந்ததும் அவர் வைத்திருந்த சைக்கிள் கடையை அக்காவே எடுத்து நடத்தினார். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு பஞ்சர் ஒட்டும் பெண்ணைப் பார்ப்பதற்கென்றே சிலர் வந்து நிற்பார்களாம். "பாத்துட்டுப் போகட்டும். சைக்கிள் கெட்டா இங்கனதேன வரணும்" என்பார். தொண்ணூறுகளின் கடைசியில், கிராமத்துப் பெண்களுக்கு அடிபம்பு பழுதுபார்க்கக் கற்றுத்தர எங்கள் தொண்டு நிறுவனம் ஆள் தேடியது. அப்படித்தான் அவர் எங்களிடம் வந்தார். நான் அங்கே திட்ட அலுவலர். ஊருக்குப் போவதைவிட ஊரைப் பற்றி எழுதுவதே எனக்கு அதிகம்.

ஒரு வறட்சிக் கோடை. கடமலைக்குண்டுக்கு மேலே, மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இருந்த ஒரே அடிபம்பும் கெட்டுவிட்டது. பெண்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பினார்கள். நான் அலைந்து திரிந்து, டிராக்டரில் தினமும் தண்ணீர் வண்டி போக ஏற்பாடு செய்தேன். எனக்கு அதில் பெருமைதான். வண்டி வரத் தொடங்கியதும் பம்பு பழுதுபார்க்கும் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த எட்டுப் பெண்கள் இரண்டு பேரானார்கள்.

"வண்டிய நிறுத்து வசந்தி" என்றார் அக்கா.

"தண்ணியில்லாம என்னக்கா செய்வாக?"

"வண்டி வர்ற வரைக்கும் பம்பை ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாக. ஒரு வாரம். அதுக்குள்ள பம்பு ஓடும், நான் பொறுப்பு."

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் நிறுத்தினேன். அவர் கணக்கு ஒரு விதத்தில் சரியாகவே இருந்தது. நின்றுபோன ஆறு பேரும் திரும்பி வந்தார்கள். மூன்றாம் நாள் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுக்கும்போது, அக்கா பிடித்திருந்த இடத்தில் பிடி நழுவி, மிச்சக் குழாய் முழுவதும் ஆழ்துளைக்குள் இறங்கிவிட்டது. சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள். அக்கா எழுந்து நின்று, "நழுவ விட்டது நான்தேன். இவுக யாரும் இல்ல" என்றார். கடமலைக்குண்டு கொல்லரிடம் போய்க் கொக்கி அடித்து வாங்கிக்கொண்டு வந்தார். விழுந்த குழாயைத் துழாவி எடுக்க மேலும் மூன்று நாள் ஆனது.

அதில் இரண்டாம் நாள், பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த பேச்சியம்மாள் ஆற்றங்கரை ஏறும்போது குடத்தோடு விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பருத்திக்காட்டில் கூலி வேலை செய்து பிழைப்பவர் அவர். அக்காதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். கட்டுப் போட்டுத் திரும்பி வந்ததும் பேச்சியம்மாள் எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்:

"வண்டிய நிறுத்துனது நீங்கதானாமே?"

அக்கா தலையசைத்தார்.

"எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா? கேட்டிருந்தா, பிள்ளத்தாச்சி இருக்க வீட்டுக்கு மட்டும் வண்டி வரட்டும், மத்தவுக பாத்துக்கிறோம்னு நாங்களே சொல்லியிருப்போம். கொண்டாந்தப்பவும் கேக்கல, நிறுத்துனப்பவும் கேக்கல."

மறுநாள் பம்பில் தண்ணீர் வந்தது. எல்லோரும் கை தட்டியபோது அக்கா மட்டும் குடத்தை நிரப்பிக்கொண்டு பேச்சியம்மாள் வீட்டுக்கு நடந்தார். கட்டுப் பிரிக்கும் வரை அந்த ஊரிலேயே தங்கி, அந்த வீட்டுத் தண்ணீரை அவர்தான் சுமந்தார். கை சரியானதும் பேச்சியம்மாள் பயிற்சியை முடித்து, அக்கம்பக்கத்து ஊர்ப் பம்புகளுக்கும் போகத் தொடங்கினார். அந்த ஊரைப் பற்றி நான் எழுதிய அறிக்கையில் பம்பு இருந்தது. முறிந்த கை இல்லை. அக்கா அதை மறைக்கவில்லை. அதன்பின் நடந்த ஒவ்வொரு பயிற்சியையும் அந்தத் தவறைச் சொல்லித்தான் தொடங்கினார். "இல்லாதவுகளுக்கு யோசனையும் இல்லன்னு நெனச்சுட்டேன்" என்பார்.

எல்லா ஊரும் அப்படி முடியவில்லை. கூடலூர்ப் பக்கம் ஓர் ஊரில் ஆறு பெண்களுக்கு ஓராண்டு கற்றுக்கொடுத்தோம். ஆறு பேரும் ஜீப் ஏறி ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். கருவிப் பெட்டி துருப்பிடித்துக் கிடந்தது. நான் நொந்து பேசினேன். அக்கா பெட்டியைத் திறந்து, ஸ்பேனர்களைத் துணியால் துடைத்தபடி, "தோட்டத்துல தினக்கூலி நிச்சயம். நானா இருந்தாலும் ஜீப்புலதேன் ஏறுவேன்" என்றார். திரும்பும்போது பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். அவ்வளவு களைத்து அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு நிதி நின்றது, அலுவலகத்தையும் மூடினார்கள். அக்கா சைக்கிள் கடைக்கே திரும்பினார். போன ரம்ஜானுக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். முழங்கால் இரண்டும் வீங்கி, நாற்காலியை விட்டு எழ முடியாமல் இருந்தார். "இத்தனை வருசம் செஞ்சதுக்கு ஏதாச்சும் மிஞ்சிச்சாக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பேச்சியம்மா மகளுக்குக் கல்யாணம்னு பத்திரிகை வந்துச்சு. என்னால போக முடியல. வேற என்ன சொல்ல? அலுப்பா இருக்கு வசந்தி. ஆனா வேல தப்பில்ல. நாமதேன் அங்கங்க தப்பா செஞ்சோம்."

அடக்கத்தன்று மாலை பெண்கள் நாங்கள் வீட்டுக்குள் இருந்தோம். அக்காவின் உடல் வைத்த சந்தூக்கைத் தோளில் எடுத்துக்கொண்டு ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போனார்கள். பெண்களோடு ஒருவராகப் பேச்சியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கடமலைக்குண்டிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார். அருகில் போய் உட்கார்ந்தேன்.

இப்போதும் யாராவது ஓர் ஊருக்கு நல்லது செய்யலாம் என்று தாளில் திட்டத்தோடு என்னிடம் வருகிறார்கள். பழைய உற்சாகம் என்னிடம் இல்லை. படித்துவிட்டு, அந்த ஊரில் யாரைக் கேட்டீர்கள், பெயர் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். பெரும்பாலும் பெயர் வருவதில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்து, போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்கிறேன். ஜுலைகா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவ்வளவுதான்.