தேவாரம் பாடுகிற பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி எதற்கு?

எங்கள் மகளுக்கு ஆறு வயது. ஓட்டிசம். இரண்டு தரம் கேட்ட தேவாரத்தைப் பிசகாமல் பாடுவாள்; தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாது. பேச்சுப் பயிற்சிக்குப் போய் எட்டு மாதத்தில் தண்ணீர்ப் படத்தைத் தொட்டுக் காட்டப் பழகியிருந்தாள். அந்தப் பயிற்சி தொடருமா நிற்குமா என்பது எங்கள் காப்புறுதிக் கம்பனியின் கையில் இருந்தது. நாங்கள் வந்திருக்கும் இந்த நாட்டில் எங்களைப் போன்ற தற்காலிக விசாக்காரருக்கு அரசாங்க உதவி கிடையாது. அமெரிக்காவில் இருக்கும் என் மச்சாள், அங்கே கம்பனிகள் இதற்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டமே இருக்கிறது என்றாள். எங்களுக்கு இங்கே அப்படி ஒரு சட்டமும் இல்லை. அவர்கள் மனம் வைத்தால் உண்டு.

பிள்ளையை மதிப்பிட ஒரு பெண்மணியைக் குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அனுப்புவதாகக் கம்பனி எழுதியது. வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் எங்கள் சனம் என்ன செய்யுமோ அதையே நானும் செய்தேன். வீட்டைக் கழுவித் துடைத்தேன். கட்லட் பொரித்தேன். பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை கட்டி இரட்டைப் பின்னல் போட்டேன். வந்தவ கதிரையில் இருந்து, பிள்ளை தானாகச் சாப்பிடுவாளா என்று கேட்டா. ஓம் என்றேன். பச்சைப் பொய். இன்றைக்கும் நான்தான் சோறு தீத்துகிறேன். வெளியாள் முன்னால் பிள்ளையின் குறையைச் சொல்ல நாக்கு எழும்பவில்லை. அதோடு நின்றேனா? பிள்ளையைக் கூப்பிட்டு முன்னுக்கு நிறுத்தினேன்.

“குஞ்சு, அன்ரிக்கு ஒரு தேவாரம் பாடிக் காட்டுங்கோ.”

முழுவதும் பாடினாள். அந்தப் பெண்மணி கைதட்டினா, இரண்டு கட்லட் சாப்பிட்டா, ஏதோ எழுதிக்கொண்டு போனா.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. பிள்ளை நீண்ட பாடல்களைச் சரளமாகச் சொல்கிறாள், தானாகச் சாப்பிடுவதாகத் தாயே சொல்கிறா, ஆகவே பயிற்சி அவசியமில்லை. சீ! பாடியதில் ஒரு சொல்லுக்காவது பிள்ளைக்கு அர்த்தம் தெரியுமா என்று அந்த மனிசி கேட்கவில்லை. எனக்கு அவவில் வந்த அருவருப்பைவிட என்னில் வந்ததுதான் கூட. காட்சிக்கு வைக்கிற பொம்மை மாதிரிப் பிள்ளையை உடுத்தி நிறுத்தியவள் நான்.

மேன்முறையீடு செய்யக் கம்பனிக்குப் போன் எடுத்தேன். தேன் ஒழுகும் குரலில் ஒருத்தி, வைத்தியரின் கடிதங்கள் மட்டும் போதாது, பிள்ளை மிகவும் கஷ்டப்படும் நேரத்தில் எடுத்த வீடியோ ஒன்று இருந்தால் நல்லது என்றாள். பிள்ளை உடைந்து கிடப்பதைக் கண்ணால் கண்டால்தான் நம்புவார்களாம்.

அடுத்த ஞாயிறு காலையில் மகள் குசினிச் சுவரில் தலையை மோதத் தொடங்கினாள். மற்ற நாட்களில் ஓடிப்போய்ச் சுவருக்கும் தலைக்கும் நடுவில் என் கையை வைப்பேன். அன்றைக்கு ஓடிப்போய்ப் போனை எடுத்தேன். சத்தம் கேட்டு வந்த என் கணவர் வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

“போனைக் கீழ வையுமப்பா. பிள்ளையைத் தூக்கும்.”

“கொஞ்சம் பொறுங்கோ. எடுத்தது இன்னும் காணாது.”

அவர் என்னைத் தள்ளிக்கொண்டு போய்ப் பிள்ளையைத் தூக்கினார். அன்று பின்னேரம் வைத்தியர் அவளுடைய காதுக்குள் பார்த்தார். உள்ளே சீழ் கட்டியிருந்தது. இரண்டு மூன்று நாளாகவே வலித்திருக்கும் என்றார். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை தனக்குத் தெரிந்த விதத்தில் சொல்லியிருக்கிறாள், நான் அதைப் படம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அந்த வீடியோவை அனுப்பினேன். வெட்கம் கெட்டுத்தான் அனுப்பினேன். ஒரு கிழமைக்குள் பதில் வந்தது. ஆதாரம் மிகவும் உதவியாக இருந்ததாம், நன்றியாம். ஒரு வருடத்துக்குப் பயிற்சிக்கு அனுமதி. கணவர் கடிதத்தின் கடைசி வரியை வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது புதிதாக ஒரு வீடியோ வேண்டுமாம்.

எடுக்கத்தான் போகிறேன்.