மாமனார் வீட்டு வடக்கு

தொலைநோக்கியைத் தாங்கும் அந்தக் கருவியை நிலத்துக்கும் வானத்துக்கும் பயன்படுத்தலாம் என்று கையேட்டில் அச்சிட்டிருந்தது. எனக்கு அது இரண்டுக்கும் ஒழுங்காக மசியவில்லை.

2012 ஜூனில் வெள்ளிக் கோள் ஒரு புள்ளியாகச் சூரியனைக் கடக்கவிருந்தது. 2004இல் கடந்தபோது மேகத்தை அண்ணாந்து பார்த்தே பகல் போயிற்று. அடுத்தது நூறாண்டுக்கு அப்பால். ஆகவே எனக்கு இது ஒன்றுதான் மிச்சம். சிதம்பரத்தில், அண்ணாமலை நகரில் நாங்கள் இருந்த வீட்டுக்குக் கிழக்கே ஒரே மரங்கள். இரண்டு நாள் முன்னதாகவே எல்லாவற்றையும் போர்வையில் சுற்றிக்கொண்டு, மனைவியுடன் கடலூருக்கு பஸ் ஏறினேன். தேவனாம்பட்டினம் போகும் சாலையில் என் மாமனார் வீடு. மாடியிலிருந்து கடல் தெரியும்.

தாங்கியின் அச்சு சரியாக வடக்கு நோக்கி, ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்ந்து நிற்க வேண்டும். நின்றுவிட்டால் ஒரே ஒரு திருகைத் திருப்பிக்கொண்டிருந்தால் போதும், சூரியன் பார்வையை விட்டு நகராது. கடலூருக்குப் பன்னிரண்டு பாகைக்குச் சற்றுக் குறைவு. குளிர் நாட்டுக்காரர்களுக்காகச் செய்த தாங்கி அவ்வளவு தாழக் குனிந்ததும், அதன் எடைக்கட்டை முக்காலியின் காலில் இடித்தது. முக்காலியைத் திருப்பி வைத்தேன். மழைநீர் வடிய மாடித் தளத்தில் வாட்டம் விட்டிருந்ததால் மட்டம் பார்க்கும் குமிழி நடுவில் நிற்கவில்லை. ஒரு காலுக்கு அட்டை, இன்னொரு காலுக்கு ஓட்டுச் சில்லு.

பிறகு திசைகாட்டியை எடுத்தேன். நாற்காலியில் இருந்த மாமனார் சிரித்தார்.

"அது எதுக்கு மாப்ள? இந்தச் செவுத்த ஒட்டி வையுங்க. வாஸ்துக்காரர கூட்டியாந்து நூலு புடிச்சுக் கட்டுன வீடு. தெக்கு வடக்கு இம்மி நவுராது."

"முள்ளு வேற பக்கம் காட்டுது மாமா."

"தளத்துல எவ்ளோ கம்பி போட்டிருக்கேன் தெரியுமா? கம்பி இழுக்குது."

இழுக்கவும் கூடும். அதனால் என்னால் மறுக்க முடியவில்லை. சுவரை ஒட்டியே வைத்தேன். சூரியனைக் குழாய் வழியே நேராகப் பார்க்கக் கூடாது என்பதால், பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைத்தேன். திருகைத் திருப்பத் திருப்ப அது பக்கவாட்டில் நழுவி அட்டையை விட்டே போயிற்று. மறுபடி பிடித்தேன், மறுபடி போயிற்று.

துணி எடுக்க வந்த மனைவி நின்று பார்த்தாள். "கல்யாணம் ஆனதுலேருந்து அப்பாகிட்ட இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கீங்களா?"

மறுநாள் காலை, மட்டமாக வைத்த பலகையில் ஒரு குச்சியை நட்டு, அதைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டேன். நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தைக் காலையிலும் பிற்பகலிலும் குறித்து இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு கிடைத்துவிடும். இதில் எந்தக் கம்பியும் இழுக்க முடியாது.

"என்ன மாப்ள, கோலமா?" என்றார் மாமனார்.

பிற்பகலில் கோட்டை இழுத்தேன். சுவர் அதற்குச் செங்குத்தாக இல்லை. திசைகாட்டி சொன்ன அதே கோணல்.

அவர் குனிந்து பார்த்தார். "குச்சி சாஞ்சிருக்கும்."

தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக் காட்டினேன். குச்சி நேராகத்தான் இருந்தது. "அப்ப உங்க இஷ்டம்" என்று கீழே போய்விட்டார். இரவு சாப்பாட்டின்போது என்னிடம் ரசம் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

விடிந்ததும் தாங்கியைச் சுவரிலிருந்து விலக்கி, என் கோட்டின்படி வைத்தேன். பளிச்சென்று சுவரின் கோணல் தெரிந்தது. கடல்மேல் மேகம். கொஞ்ச நேரத்தில் சூரியன் அதற்கு மேலே வந்தது. அட்டையில் வெள்ளை வட்டம். அதன் விளிம்புக்கு உள்ளே கடுகுபோல ஒரு கரும்புள்ளி. ஒரே திருகைத் திருப்பினேன். வட்டம் நகரவில்லை.

மாமனார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கடுகு வட்டத்தின் ஓரத்துக்கு ஊர்ந்து வெளியேறும்வரை எழுந்திருக்கவில்லை. காப்பியைக்கூட அங்கேயே வாங்கிக் குடித்தார். ஒருமுறை திரும்பி, தாங்கியையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

மனைவி செல்போனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"படம் புடிச்சா புடிம்மா" என்றார். "செவுரு மட்டும் தெரிய வேணாம்."