துரை வேஷம்

சென்ற வாரம் அலுவலக வாட்ஸப் குழுவில் ஒரு ஸ்டிக்கர் வந்தது. சிவப்புக் கோட்டும் இறகு வைத்த தொப்பியும் போட்ட ஒரு வெள்ளைக்காரத் தளபதி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். அடியில் ‘கிட்ட வராதே சாமி’ என்று எழுதியிருந்தது. யாருக்கோ சளி, அதற்கு யாரோ போட்ட பதில். சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. அந்தத் தளபதி என் அப்பா என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் மன்னிப்புக் கேட்பார்கள், அப்புறம் தனியாகப் போய் இன்னொரு தரம் உற்றுப் பார்ப்பார்கள்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவர் உதட்டோரம் ஒரு வெண்புள்ளி வந்தது. நான் கல்லூரி முடிப்பதற்குள் முகம் முழுக்க வெளுத்து, கழுத்திலும் புறங்கையிலும் மட்டும் பழைய கறுப்பு திட்டுத்திட்டாக மிச்சமிருந்தது. ஒட்டாது, பரவாது என்று டாக்டர் சொன்னார். நாங்கள் குடியிருந்த மேனாம்பேட்டில் டாக்டர் பேச்சை யார் கேட்டார்கள்? “இன்னா துரை, லண்டன்லேர்ந்து எப்போ வந்தே?” என்பார் டீக்கடைக்காரர். மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், அப்பாவுக்கு மட்டும் பேப்பர் கப். அப்பா அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்னைப் பார்த்ததைவிட அவரைத்தான் அதிகம் பார்த்தார்கள். பஜ்ஜியைத் தொடாமல் எழுந்து போனார்கள். ஒவ்வொரு குடும்பம் போன பிறகும் அப்பா அந்தத் தட்டுகளைத் தானே கழுவி வைப்பார். எனக்குக் கல்யாணம் ஆகாமல் போனால் அது தன் தோலால்தான் என்று அவருக்குள் ஊறிப்போயிருந்தது.

அப்போதுதான் படக்காரர்கள் வந்தார்கள். கப்பலில் சமையல்காரனாக வந்து, பட்டாளத்திலிருந்து ஓடி, ஒரு பாளையக்காரரிடம் தளபதியாகி, அவரையே ஏமாற்றி, கோட்டையைப் பிடித்துத் தன்னையே ராஜா என்று அறிவித்துக்கொண்ட ஒரு வெள்ளைக்காரனின் கதை. சரித்திரப் பகடியாம். அதற்கென்று பிடித்து வந்த நிஜ வெள்ளைக்காரர் பூந்தமல்லி வெயிலில் மயங்கி விழுந்துவிட்டார். எஸ்டேட் டீக்கடையில் அப்பாவைப் பார்த்த புரொடக்ஷன் மேனேஜர் கையோடு அழைத்துப் போனார். முதல் நாள் நானும் கூடப் போனேன். விசேஷங்களுக்குப் போகும்போது வெள்ளையை மறைக்க அப்பா பழுப்பு பவுடர் பூசுவார். வியர்த்தால் கோடுகோடாக வழியும். அன்றைக்கு மேக்கப்காரர் மிச்சமிருந்த கறுப்பைத்தான் வெள்ளையால் மறைத்தார். கண்ணாடியில் ஒரே நிறமாகத் தன்னைப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் கீறேன் இல்ல?” என்றார் அப்பா. அவர் அப்படிக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

இயக்குநர் வாய்க்கு வாய் “சார், சார்” என்றுதான் அவரைக் கூப்பிட்டார். மரியாதையான மனிதர். மேக்கப் கலைக்கும்போது அந்தக் கறுப்புத் திட்டுகளைத் தற்செயலாகப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார். மறுநாள் கதையில் ஒரு காட்சி கூடியது. தளபதிக்குத் தோலில் நோய் வருகிறது. சிப்பாய்களிடம் கை நீட்டுகிறான். ஒருவன் பின்வாங்குகிறான், ஒருவன் மரத்தில் ஏறுகிறான், ஒருவன் கிணற்றில் குதிக்கிறான். “நம்மள தீண்டாதவன நாம தீண்டாம விடுறோம் சார், இது அரசியல்” என்று விளக்கினார் இயக்குநர். அந்தக் காட்சிக்கு அப்பாவுக்கு வெள்ளைப் பூச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அரசியல் அப்பாவுக்குப் புரியவில்லை, செய்யவேண்டியது புரிந்தது. செய்தார்.

படம் தியேட்டரில் நிற்கவில்லை. அந்தக் காட்சி மட்டும் செல்போனில் ஊரெல்லாம் சுற்றியது. கேலி செய்த அதே வாய்கள் அப்பாவோடு செல்ஃபி எடுத்துக்கொண்டன, தோளில் மட்டும் கை படாமல். கோவில்பதாகையிலிருந்து ஒரு வரனும் அந்தப் புகழால்தான் வந்தது. சினிமாக்காரர் வீட்டுப் பெண் என்றார்கள். அவர்கள் பஜ்ஜியைச் சாப்பிட்டார்கள். அன்று இரவு அப்பா எனக்குத் தெரியாமல் அழுதார் என்று அம்மா சொன்னாள்.

நிச்சயதார்த்தம் ஆவடியில் ஒரு சின்ன மண்டபத்தில். தட்டு மாற்ற உட்காரும் நேரத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா மைக்கைப் பிடித்தார். “சம்பந்தி, அந்த ஆக்ட்ட ஒருவாட்டி செஞ்சி காட்டுங்க. அப்பால தட்டு மாத்திக்கலாம்.” மண்டபமே கை தட்டியது. அப்பா என்னைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தார். வெற்றிலையும் பழமும் வேட்டி சட்டையுமாக அது இன்னும் எங்கள் பக்கமே இருந்தது. வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார்.

நாற்காலி வரிசையில் ஒவ்வொருவரிடமும் கையை நீட்டிக்கொண்டு போனார். எல்லோரும் அலறி விலகினார்கள். பெண்கள் முந்தானையை இழுத்துக்கொண்டார்கள். ஒரு குழந்தை நிஜமாகவே அழுதது, அதற்கும் சிரித்தார்கள். பவுடர் வழிந்து கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் சினிமாவில் செய்ததைவிட நன்றாகச் செய்தார். மேடை ஏறி மாப்பிள்ளையிடம் நீட்டினார். அவரும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நண்பர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். விளையாட்டுத்தான். அந்த வேகத்தில் அப்பா என் பக்கம் திரும்பி, என்னிடமும் கையை நீட்டிவிட்டார்.

நான் பிடித்துக்கொண்டேன்.

காட்சியில் அப்படி ஒன்று கிடையாது. அப்பாவுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. “வுடும்மா, எல்லாரும் பாக்கிறாங்க” என்றார் மெதுவாக. நான் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு அவரை இழுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினேன். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். பெரியப்பா மைக்கில் ஏதோ சொன்னார், நான் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் அப்பாவுக்குக் கோபம் வந்தது. “சிரிச்சிட்டுப் போறாங்க, உனக்கின்னா? கெடச்ச ஒரு எடத்தையும் கெடுத்துட்டியே!” என்று நடுத்தெருவில் கத்தினார். அவர் என்னிடம் கத்தியது அன்றைக்கு மட்டும்தான். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் என் கையை உதறிக்கொண்டேதான் வந்தார்.